‘மாடரேட்’ என்றால் பரவாயில்லையா?

மழைக்காலம் முடிந்ததும் டெல்லிவாசிகள் காலையில் முதலில் பார்ப்பது காற்றின் தரத்தைக் காட்டும் ‘சமீர்’ செயலியைத்தான். ‘சிவியர்’ என்று வந்தால் வீட்டில் ஜன்னல்கள் மூடப்படும், முகக்கவசம் வெளியே வரும். ‘மாடரேட்’ என்று வந்தால், “இன்னைக்குப் பரவாயில்லை” என்று பேரனைக் கூட்டிக்கொண்டு தாத்தா ஆர்.கே.புரம் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார். இந்தப் ‘பரவாயில்லை’ வெறும் மூடநம்பிக்கை.

2015 ஏப்ரலில் அறிமுகமான தேசியக் காற்றுத் தரக் குறியீட்டில் 101 முதல் 200 வரை ‘மாடரேட்’. பி.எம். 2.5 நுண்துகள் கணக்கில், கன மீட்டருக்கு 61 முதல் 90 மைக்ரோகிராம். 24 மணி நேரத்துக்கு நம் நாடு வகுத்த வரம்போ 60. அந்த வரம்பு உடைந்த பிறகுதான் ‘மாடரேட்’ தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15தான். அமெரிக்கக் குறியீட்டில் ‘மாடரேட்’ 35 மைக்ரோகிராமை ஒட்டி முடிந்துவிடும். நம் ‘மாடரேட்’ காற்றுக்கு அங்கே பெயர் ‘அன்ஹெல்தி’. நாட்டுக்கு நாடு நுரையீரல் மாறுமா?

குறியீட்டை வெளியிடும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே இந்த ஆபத்தை மறைக்கவில்லை. ‘மாடரேட்’ நாளில் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுச் சிரமமும், இதய நோயாளிகள், குழந்தைகள், முதியவர்களுக்கு அசௌகரியமும் வரலாம் என்று குறியீட்டிலேயே எழுதியிருக்கிறது. பூங்காவுக்குப் போன தாத்தாவும் பேரனும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

தவிர, வாரியத்தின் மாலை 4 மணி அறிக்கை தருவது 24 மணி நேரத்துக்கும் நகரம் முழுவதற்குமான சராசரி. மாசு மிகுந்த ஆனந்த் விஹாரில் பேருந்துக்கு நிற்பவர் சராசரியையா சுவாசிக்கிறார்?

“குறியீட்டில் 450ஐப் பார்த்த ஊருக்கு 150 சொர்க்கம், தினமும் ஆபத்து என்றால் யார் காதில் வாங்குவார்கள்?” என்று கேட்பார்கள். 450ஐவிட 150 மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் தீங்கு குறைந்தது என்பதால் தீங்கே இல்லை என்றாகிவிடாது. காற்று மாசுக்கு எதிரான தலைநகரின் படிநிலை நடவடிக்கைத் திட்டம் 201இல்தான் கண் விழிக்கிறது. ‘மாடரேட்’ நாளில் அரசுக்கும் அவசரமில்லை, நமக்கும் கேள்வியில்லை. அந்தப் பெயர் செய்கிற வேலை இதுதான்.

வாரியம் பெயரை மாற்றட்டும். அதுவரை நம் நாளிதழ்கள் ‘மிதமான காற்று மாசு’ என்று அச்சிடுவதை விட்டு, ‘வரம்பு மீறிய காற்று’ என்று எழுதி, பக்கத்தில் மைக்ரோகிராம் அளவையும் போடட்டும். பூங்காவுக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தாத்தா அதைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்.