லப்டொப் கொதிச்சால் பழி எங்கட தலையிலயா?

கேமிங் லப்டொப் சூடாகுது எண்டு சொன்னால் வாற முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கேம் விளையாடுறீர்?" என்பதுதான். வீட்டில சொன்னால் அதுக்கும் மேல: "உதை நிப்பாட்டினால் எல்லாம் சரியாகும்." கேம் விளையாடுறதுக்கெண்டே விற்ற பொருளில கேம் விளையாடினது குற்றமாகிப் போகுது. எனக்கு இதில உடன்பாடில்லை. பிழையின் பெரும்பங்கு அந்தப் பொருளை எங்களுக்கு விற்கிற விதத்தில இருக்கு.

லப்டொப்புக்குள்ள ஏசி இல்லை. சிப்பில இருந்து செப்புக்குழாய் கொண்டுவாற சூட்டை, வெளிக்காற்றை இழுத்து ஊதித் தள்ளுறதுதான் ஃபானின் வேலை. அறை 10 பாகை கூடச் சூடாக இருந்தால், அதே வேலையைச் செய்யிற சிப்பும் கிட்டத்தட்ட 10 பாகை கூடச் சூடாகும். குளிரூட்டிய 23 பாகை அறையில எடுத்த யூடியூப் விமர்சனத்தில 85 பாகை எண்டு காட்டினால், சித்திரை வெயிலில 33 பாகையில் இருக்கிற எங்கட அறையில அது 95. அனேகமான சிப்கள் 95க்கும் 100க்கும் இடையில தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைச்சுப்போடும். கேம் திடீரெண்டு இழுபடுறது அதாலதான்.

அடுத்தது பெயர் விளையாட்டு. ஆர்டிஎக்ஸ் 4060 எண்ட ஒரே பெயரில 35 வொட்டில இருந்து 115 வொட் வரைக்கும் ஓடுற லப்டொப்புகள் இருக்கு. விளம்பரத்தில பெயர் பெரிசாக இருக்கும், வொட்டைத் தேடித்தான் பிடிக்கவேணும். மெல்லிய உடம்புக்குள்ள கூடின வொட்டை அடைச்சால் சூடு எங்க போறது? வாங்க முதல் மொத்தத்தையும், காற்றுப்போற துளைகளையும், வொட்டையும் பாருங்கோ. லைட் எத்தனை நிறத்தில எரியுது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஏற்கனவே வாங்கினவை உடனே கூலிங் பாட் வாங்க ஓடத் தேவையில்லை. காசில்லாத வழிகளை முதல் செய்து பாருங்கோ. கட்டில், தலையணையில வைக்காமல் மேசையில வைச்சு, பின்பக்கத்தை ரெண்டு புத்தகத்தால உயர்த்துங்கோ. கேமில ஃபிரேம் அளவை 60க்கு மட்டுப்படுத்துங்கோ. விண்டோஸ் பவர் ஒப்ஷன்ஸில புரொசசரின் ஆகக்கூடிய அளவை 100 இல இருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான லப்டொப்புகளில டேர்போ வேகம் நிண்டுவிடும். சூடும் நல்லாக் குறையும். ஃபானில அடைஞ்ச தூசியைத் தட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். துப்புரவாக்கேக்க ஃபான் சுழலாமல் விரலால பிடிச்சுக்கொள்ளுங்கோ. சில வருசம் போனால் சிப்புக்கு மேல பூசின தேர்மல் பேஸ்ட் காய்ஞ்சுபோகும், அதை மாற்றவேணும். ஐஸ் பை வைக்கிறது, ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கிறது எல்லாம் வேண்டாம்; உள்ளுக்குத் தண்ணி படிஞ்சு போர்ட் போயிடும். பற்றரி ஊதினால் மட்டும் உடனே நிப்பாட்டிப்போட்டுக் கடைக்குக் கொண்டு போங்கோ.

இதில சிக்கல் என்னெண்டால், தூசி தட்டத் திறந்தாலே வொரண்டி போயிடும் எண்டு பயப்படுத்தி வைச்சிருக்கினம். மூடி வைச்சால் சூடு, திறந்தால் வொரண்டி இல்லை. அப்ப நாங்கள் என்னதான் செய்யிறது? காசு கட்ட முதல் ரெண்டு கேள்வி கேளுங்கோ: "துப்புரவாக்கத் திறந்தால் வொரண்டி என்னாகும்? வொரண்டிக் காலத்தில நீங்களே துப்புரவாக்கித் தருவீங்களா?" பதிலை பில்லில எழுதி வாங்குங்கோ. பத்துப்பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கடைக்காரரே சொல்லத் தொடங்குவார்.

இது பொழுதுபோக்குக் கதை மட்டும் இல்லை. 2022 இல டொலர் 200 ரூபாவில இருந்து 360 வரைக்கும் ஏறின நாடு இது. எங்களில கனபேருக்குக் கேம், வீடியோ எடிட்டிங், ஆய்வுக்கட்டுரை எல்லாத்துக்கும் இருக்கிறது ஒரே ஒரு லப்டொப். அதுவும் தவணைக் காசிலயோ, வெளிநாட்டில இருக்கிற மாமா அனுப்பின காசிலயோ வந்தது. மூண்டு வருசத்தில தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசு வாங்கிற வசதி எங்களுக்கு இல்லை. எங்கட வெயிலைத் தாங்காத ஒண்டை எங்களுக்கு விற்றுப்போட்டு, "கூட விளையாடாதேங்கோ" எண்டு புத்தி சொல்றதை நாங்கள் ஏன் கேட்டுக்கொண்டு இருக்கவேணும்?