யாருடைய கிணற்றில் பொதுநலம்?

இலங்கையின் உமா ஓயாத் திட்டம் பற்றி நண்பர் எழுதியதன் சாரம் இதுதான்: நாட்டுக்கு 120 மெகாவாட் மின்சாரம், வறண்ட தெற்குக்குத் தண்ணீர், இடையில் சிலர் தங்கள் கிணற்றுக்காக உரிமை பேசுவது சுயநலம்.

பண்டாரவளையில் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள். 2014 டிசம்பரில், திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. காணியை எடுத்தால் நட்டஈடு தரச் சட்டம் இருக்கிறது. காணியை விட்டுவிட்டு அடியிலுள்ள நீரை மட்டும் இழுத்துக்கொண்டால்? 2017-ல் பண்டாரவளையில் மக்கள் தெருவுக்கு வந்தது அதனால்தான்.

பலரின் லாபத்தைக் கூட்டி, சிலரின் நட்டத்தைக் கழித்து, மிச்சத்தை நீதி என்கிறார் நண்பர். மனிதர்கள் தனித்தனி ஆட்கள் என்பதையே இந்தக் கணக்கு மறக்கிறது என்று தத்துவவாதி ஜான் ரோல்ஸ் 1971-லேயே எழுதிவிட்டார். பண்டாரவளையில் காய்ந்த தொண்டையை வெல்லவாயவில் எரியும் விளக்கு நனைக்காது.

உரிமையும் பொதுநலமும் பகை என்பதும் பிழை. எப்பாவல பொஸ்பேற் அகழ்வுக்கு எதிராக உயர் நீதிமன்றம் சென்றவர்கள் ஒரு சிலரே. 2000-ல் அவர்களின் அடிப்படை உரிமையை நீதிமன்றம் ஏற்றது. தப்பியது நாட்டின் கனிவளம். அன்று பொதுநலத்தைக் காத்தவர்கள், நண்பர் சுயநலக்காரர் என்று ஏசும் அதே வகை மனிதர்கள்தான்.