இலைப் படத்துக்கு அடியில்



போன மாதம் டுசல்டோர்ஃபில் ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தம்பி ஒருவர் கைத்தொலைபேசியை எங்களிடம் நீட்டினார். திடப்படுத்தலுக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தில் மாதம் 25 யூரோ, பெயரிலேயே ‘பசுமை’ உள்ள ஒரு நிதியத்துக்குப் போகிறதாம். அம்மாவும் அப்பாவும் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். “நல்லதுதானே அக்கா?” என்றார். உடனே பதில் வரவில்லை.

மருத்துவமனையில் நாங்கள் மருந்துப் போத்தலின் முன்பக்கப் பெயரை மட்டும் பார்த்து ஊசி ஏற்றுவதில்லை. அளவு என்ன, யாருக்கு என்று திரும்பவும் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் தேடிப் படித்தோம்.

பெயரில் ‘பசுமை’ என்று வைக்கும் நிதியம், பணத்தில் குறைந்தது 80 வீதத்தை அந்த நோக்கத்துக்கு ஏற்றபடி முதலிடவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டல். 2025 மே முதல் பழைய நிதியங்களுக்கும் அது பொருந்தும். நல்லதுதான். ஆனால் செயலியில் மூன்று தட்டலில் பணம் போய்விடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க யாரும் நம்மை நிறுத்துவதில்லை.

பணம் உண்மையாகவே பசுமைக்குப் போனாலும் பத்திரம் என்றில்லை. வட ஜேர்மனியில் இட்செஹோ நகரத்துப் புரோகோன் நிறுவனம் காற்றாலைகள் கட்டியது. சுமார் 75,000 பேர் 140 கோடி யூரோ கொடுத்திருந்தார்கள். வங்கி வைப்பைப் போல நினைத்துப் போட்டவர்கள் பலர். 2014 ஜனவரியில் வங்குரோத்து. அடுத்த வருஷம் அவர்களே கூட்டுறவுச் சங்கமாக்கி நிறுவனத்தைக் காப்பாற்றினார்கள். போட்ட பணம் முழுதாகத் திரும்பவில்லை. சீட்டில் கையைச் சுட்டுக்கொண்ட நம் பெரியவர்களுக்கு இது புதுக்கதையாக இராது.

பணம் எங்கே போகிறது என்று திருச்சபையில் முதலில் கேட்டவர்களில் வாலிபர்களும் உண்டு. வியட்நாம் யுத்தத்துக்கும் தென்னாபிரிக்க நிறவெறிக்கும் துணைபோகும் வங்கிகளில் சபைகளின் பணம் கிடக்கிறதே என்ற கேள்வி, 1968இல் உப்சாலாவில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தில் எழுந்தது. பெரியவர்கள் பதில் சொல்ல ஏழு வருஷம் எடுத்தார்கள். 1975இல் நெதர்லாந்தில் பிறந்த கூட்டுறவுச் சங்கம்தான் இன்றைய ஒய்கோகிரெடிட். சிறுகடன் அமைப்புகளுக்கும் விவசாயக் கூட்டுறவுகளுக்கும் சூரியசக்தித் திட்டங்களுக்கும் கடன் கொடுக்கிறது. பெரிய இலாபம் எதிர்பார்க்க முடியாது.

அடுத்த ஞாயிறு தம்பியோடு உட்கார்ந்து நிதியத்தின் முதல் பத்துப் பங்குகளைப் பார்த்தோம். காற்றாலை ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அமெரிக்கக் கணினி நிறுவனங்கள். முகம் கொஞ்சம் சுருங்கியது. நிறுத்தவில்லை, 25ஐ 15 ஆக்கினார். மீதிப் பத்து யூரோவை எங்கே போடலாம் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.