வாடகை மேடையில் எத்தனை நாள்?

“அண்ணா, ட்விட்ச் முடிஞ்சுது, எல்லாரும் கிக்குக்குப் போறாங்கள். நாங்களும் போவமா?” இப்படி என்னிடம் கேட்கிற தம்பி தங்கச்சிமார் கூடிக்கொண்டே போகிறார்கள். எல்லாருக்குமாக இங்கே பதில் சொல்கிறேன்: எங்கே போவது என்பதை விடுங்கள். போகும்போது கையில் என்ன கொண்டுபோவீர்கள்?

தளங்கள் அடிபட்டால் எங்களுக்குத்தான் லாபம் என்று ஒரு கதை உண்டு. கணக்கைப் பார்ப்போம். ட்விட்ச் 2011இல் ஜஸ்டின்.டிவி என்ற தளத்திலிருந்து பிரிந்து பிறந்தது. 2014இல் அமேசான் அதை 97 கோடி டாலருக்கு வாங்கிய அதே ஆகஸ்டில் தாய்த் தளம் மூடப்பட்டது. அங்கே சேர்த்துவைத்த பழைய பதிவுகளை அதற்கு முன்பே அழித்துவிட்டார்கள்.

அடுத்தது மிக்சர். கொறிக்கிற மிக்சர் இல்லை, மைக்ரோசாஃப்டின் மிக்சர். 2019 ஆகஸ்டில் நிஞ்சாவை ட்விட்சிலிருந்து இழுத்துக்கொண்டார்கள். 2020 ஜூன் 22இல் “மூடுகிறோம், பேஸ்புக் கேமிங்குக்குப் போங்கள்” என்றார்கள். ஜூலை 22இல் கடை பூட்டு. போகச் சொன்ன இடமாவது நிலைத்ததா? பேஸ்புக் கேமிங்கின் தனிச் செயலியும் 2022 அக்டோபரில் நின்றது. நிஞ்சா ட்விட்சுக்குத் திரும்பிவிட்டார். நாற்பது பேர் பார்க்கிற சனலை இரண்டு வருடம் பாடுபட்டு வளர்த்தவருக்குக் கிடைத்தது முப்பது நாள் அவகாசம்.

தளம் நின்றாலும் விளையாட்டு போகலாம். 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜி மொபைலைத் தடைசெய்தது. அதன் இந்தியப் பதிப்பு 2021 ஜூலையில் வந்தது, 2022 ஜூலையில் மறைந்தது, 2023 மே மாதம் திரும்பியது. தமிழில் பப்ஜி நேரலை செய்தவர்களின் பிழைப்பும் அதோடு ஏறி இறங்கியது. சில நேரம் நாடே போய்விடும்: இணையக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று 2024 பிப்ரவரி 27இல் ட்விட்ச் தென்கொரியாவை விட்டு வெளியேறியது.

இப்போது கிக். சந்தாப் பணத்தில் 95 வீதம் உங்களுக்கு என்கிறது. ட்விட்சில் வழமையாகப் பாதிதான். கேட்க இனிக்கிறது. ஆனால் கிக்கைத் தொடங்கியவர்கள், ஸ்டேக் என்ற இணையச் சூதாட்டத் தளத்தை நிறுவியவர்கள். 2022 அக்டோபரில் ட்விட்ச் அப்படியான சூதாட்ட நேரலைகளுக்குத் தடை போட்டது. சில மாதங்களுக்குள் கிக் பிறந்தது. ஐந்து வீதத்தில் ஒரு நேரலைத் தளம் பிழைக்குமா? பாதியை எடுத்துக்கொள்கிற ட்விட்சே லாபத்தில் இல்லை என்று அதன் தலைவர் டான் கிளான்சி 2024 ஜனவரியில் சொன்னார். அந்த மாதம் 500க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அப்படியென்றால் அந்த 95 வீதம் தூண்டிலில் குத்திய புழு. மீன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு ஐடி ஆலோசனைதான் தொழில். ஒரு நிறுவனம் புதிய சேவை வாங்கப் போகிறதென்றால் நான் முதலில் புரட்டுவது விலைப்பட்டியலை இல்லை, விலகும் பிரிவை. “நாளைக்கு நாங்கள் வெளியேறினால் எங்கள் தரவு என்ன வடிவத்தில், எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்?” இதற்குப் பதில் இல்லாத ஒப்பந்தத்தில் எந்த நிறுவனமும் கையெழுத்து வைக்கக்கூடாது. பதினாறு வயதுப் பிள்ளைகள் மட்டும் ஏன் “ஒப்புக்கொள்கிறேன்” பொத்தானை ஒரு நொடியில் அழுத்த வேண்டும்?

இங்கே ஏவன்டேலில் குதிரைப் பந்தய மைதானத்தில் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பாருங்கள். அங்கே கீரை விற்கிறவருக்கும் நிலம் சொந்தமில்லை. ஆனால் மத்தியானம் கடையைக் கட்டும்போது தராசும் மிச்சக் கீரையும் அவரோடு வீட்டுக்குப் போகின்றன. ட்விட்சில் உங்கள் சந்தாதாரர்களின் மின்னஞ்சல் பட்டியல்கூட உங்களுக்குக் கிடையாது.

பெரியவர்கள் இதை “கேம் விளையாடி வீணாய்ப்போற கூட்டம்” என்று ஒதுக்குகிறார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, டொராண்டோ மச்சானோடும் சென்னைப் பெடியனோடும் நேரலையில் தமிழில் கத்திச் சிரிக்கிறது. இது இந்தத் தலைமுறையின் பேச்சுத் தமிழ். வேறெங்கும் பதிவாகாத தமிழ். சென்னையில் இரவு 9 மணி நேரலை எங்களுக்குக் குளிர்காலத்தில் விடியப்புறம் 3.30. பதிவு இருந்தால்தான் நாங்கள் பார்க்கவே முடியும். ட்விட்சோ 2025 ஏப்ரலிலிருந்து, நீங்கள் சேமிக்கும் சிறப்புத் தொகுப்புகளுக்கும் பதிவேற்றங்களுக்கும் 100 மணி நேர எல்லை வைத்துவிட்டது. மிஞ்சினால் குறைவாகப் பார்க்கப்பட்டது முதலில் அழியும். பார்ப்பவர் குறைந்த மொழி எது என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே மூன்று வேலை. ஒன்று, நேரலை போகும்போதே உங்கள் கணினியிலும் பதிவுசெய்யுங்கள். ஓபிஎஸ் இலவசம், அதில் பதிவுப் பொத்தானும் இருக்கிறது. இரண்டு, ஒரே தளத்துக்குத் தாலி கட்டாதீர்கள். ஒரே நேரத்தில் மற்றத் தளங்களிலும் ஒளிபரப்ப 2023 அக்டோபரிலிருந்து ட்விட்சே விடுகிறது. மூன்று, உங்களைத் தேடி வருபவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை, அவர்களைக் கேட்டு, நீங்களே வைத்திருங்கள்.

கிக்குக்குப் போவதென்றால் போங்கள், நான் மறிக்கவில்லை. இந்த மூன்றையும் செய்துவிட்டுப் போங்கள்.