பூட்டிய அறைக்குள் கணினிகள்

ஊரிலுள்ள தாம் கற்ற பாடசாலைக்குக் கணினி வழங்குவதைப் புலம்பெயர்ந்த எம்மவர் ஒரு கடமையாகவே கருதி வந்துள்ளனர். பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடலில் பணம் சேர்கிறது. கணினிகள் ஊர் போய்ச் சேர்கின்றன. திறப்பு விழா நடக்கிறது. அதன் புகைப்படம் எமது அலுவலகத்துக்கும் வருகிறது. நாமும் மகிழ்வுடன் பிரசுரிக்கின்றோம். ஆனால், ஓராண்டு கழித்து அதே பாடசாலையைப் பார்த்துவிட்டு வரும் அன்பர்கள் சொல்லும் செய்தி சில வேளைகளில் வேறாக இருக்கின்றது. அறை பூட்டிக் கிடக்கிறது. திறப்பு அதிபரின் மேசையில் கிடக்கிறது. பழுதானால் யார் பொறுப்பு என்ற அச்சத்தில் எவரும் அக்கதவைத் திறப்பதில்லை.

இது எமக்கு மட்டும் உரிய குறையன்று. தென்னமெரிக்காவின் இரு நாடுகள் இதற்குச் சான்று பகர்கின்றன.

பெரு நாட்டு அரசு 2008 முதல் எட்டு இலட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகளைப் பாடசாலைகளுக்கு வழங்கியது. பின்தங்கிய கிராமங்களுக்கே முதலிடம் அளிக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்ததுதான். ஆயினும், 319 கிராமப் பாடசாலைகளை ஆராய்ந்து 2012 இல் வெளியான ஆய்வு, கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ மாணவரின் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று கண்டது. கருவி போய்ச் சேர்ந்தது. பெரும்பாலான பாடசாலைகளுக்கு இணைய இணைப்புப் போய்ச் சேரவில்லை. அக்கருவியைப் பாடத்தோடு எவ்வாறு இணைப்பது என்ற பயிற்சியும் ஆசிரியருக்குப் போதியளவு கிட்டவில்லை.

உருகுவேயோ 2007 இல் கார்தால் என்னும் சிற்றூரிலே தொடங்கி, 2009 இல் அரச ஆரம்பப் பாடசாலை மாணவர் அனைவருக்கும் ஆளுக்கொரு மடிக்கணினி வழங்கி முடித்தது. அங்கும் தொடக்க ஆண்டுகளில் கணித, வாசிப்புத் தேர்ச்சி உயரவில்லை என்றே ஆய்வாளர் கண்டனர். ஆனால், அந்நாடு கருவியோடு நின்றுவிடவில்லை. பாடசாலைகளுக்கு இணைப்பு, பழுது திருத்தும் ஏற்பாடு, ஆசிரியருக்குப் பயிற்சி என்று தொடர்ந்து உழைத்தது. ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறையாயிருந்த வகுப்புகளுக்கு 2012 முதல் தொலைவிலுள்ள ஆசிரியர் திரை வழியே பாடம் நடத்தினார். வகுப்பாசிரியர் பிள்ளைகளின் அருகில் நின்று, ஏனைய நாட்களில் அப்பாடத்தைத் தொடர்ந்தார். தொழில்நுட்பம் அங்கே ஆசிரியரின் இடத்தைப் பறிக்கவில்லை. இல்லாத ஓர் ஆசிரியரைக் கொண்டுவந்து சேர்த்தது. ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வழி இதுவே என நாம் கருதுகின்றோம்.

கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்ட 2020 ஆம் ஆண்டில் இவ்வேற்றத்தாழ்வு முழு உலகுக்கும் வெளிச்சமாயிற்று. வீட்டில் இணைய வசதியற்ற பிள்ளைகளும் இளையோரும் 220 கோடி என ஐக்கிய நாடுகள் அமைப்புகள் அவ்வாண்டில் கணித்தன. 2021 இல் இலங்கையின் மலைக்கிராமங்களில் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் குன்றிலும் மரத்திலும் ஏறிய காட்சியை எம்மில் பலர் செய்திப்படங்களில் கண்டோம். அகதி முகாம்களில் ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய குடும்பங்களையும் நாம் அறிவோம்.

வசதியின்மை என்றால் என்னவென்று எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், பழைய ஜாம் போத்தலில் திரியிட்டு, சிறிதளவு மண்ணெண்ணெயில் இரவு முழுவதும் படித்த மாணவர்களுக்கு விரிவுரை செய்தவர்கள் நாம். மின்கலம் தடைசெய்யப்பட்டிருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே வானொலி கேட்டோம். அந்த நாட்களில் மாணவரைப் பரீட்சை மண்டபம் வரை கொண்டு சேர்த்தது விளக்கு மாத்திரமன்று. அவ்விளக்கின் அருகே அமர்ந்திருந்த ஆசிரியரும் பெற்றோருமே அவர்களைக் கொண்டு சேர்த்தனர்.

ஆதலால், பழைய மாணவர் சங்கங்களுக்கு எமது வேண்டுகோள் இது. இருபது கணினி வாங்கும் பணத்தில் பத்தை வாங்குங்கள். மீதியை மூன்றாண்டு இணையக் கட்டணத்துக்கும், திருத்துபவரின் கூலிக்கும், மாலையில் அறையைத் திறந்து வைத்திருக்கும் ஒருவரின் வேதனத்துக்கும் ஒதுக்குங்கள். அவற்றில் உங்கள் பெயர் பொறித்த பலகை இராது. ஆனால், கதவு திறந்திருக்கும். கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர் அற்ற வன்னி, மலையகப் பாடசாலைகளுக்குத் திரை வழியே பாடம் சொல்லத்தக்க பட்டதாரிகள் எம்மிடையே பலர் உளர். வாரம் ஒரு மணி நேரம் அவர்களால் ஈய முடியாதா?

முகாமிலிருக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளையின் பாடசாலையில் கணினி இரவலாகத் தருவார்களா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். கேட்பது இரத்தலன்று. பாடசாலை இணையம் வழி அனுப்பும் அறிவித்தல்கள் விளங்காவிடின், மொழி தெரிந்தவரை அழைத்துச் சென்று ஆசிரியரிடம் நேரிற் கேளுங்கள். கருவி கையில் கிடைத்தபின்னும் பிள்ளை எதைப் படிக்கிறது என்று அருகிருந்து விசாரியுங்கள். பாடம் விளங்காத பெற்றோரும் இதைச் செய்யலாம்.

அடுத்த திறப்பு விழாவின் புகைப்படத்தையும் நாம் மகிழ்வுடன் பிரசுரிப்போம். ஓராண்டு கழித்து, அதே அறையில் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் புகைப்படத்தையும் எமக்கு அனுப்பி வையுங்கள்.