சங்காயத்துக்குப் போகும் சங்கரா

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, கரையில் வரிசையாக விசைப்படகுகள், நிவாரணத் தொகை போதவில்லை என்ற முணுமுணுப்பு: ஆண்டுதோறும் படிக்கிற செய்திதான். எனக்கென்னவோ அந்த 61 நாளைவிட மிச்சமுள்ள நாட்கள்தான் உறுத்துகின்றன. ராமேஸ்வரம் பக்கம் போனவர்கள் சங்காயம் காய்வதைப் பார்த்திருப்பார்கள், மூக்கைப் பொத்தியபடியாவது. விலைபோகாத பொடிமீன் என்று பெயர். குனிந்து கிளறினால் வளரவிடாமல் அள்ளிய சங்கராவும் பாறையும் சுண்டுவிரல் நீளத்தில் கிடக்கும். காய்ந்தபின் அது கோழித்தீவனம். இழுவலை மடியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கத்தான் செய்கிறது. நடுக்கடலில் யார் அளப்பது? படகுக்காரரை மட்டும் ஏசுவதும் நியாயமில்லை; டீசல் விற்கும் விலைக்கு, சங்காயக் காசையும் சேர்த்தால்தான் பலருக்குக் கணக்கு நேராகிறது. வாங்க ஆள் இருக்கும்வரை வரத்தும் இருக்கும். அதனால் வலையை விடுங்கள், மீனை அளக்கலாம். கேரளம் 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளம் வகுத்திருக்கிறது; மத்தி என்றால் 10 சென்டிமீட்டர். இதைச் சோதிக்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை, ஏலக்கூடத்திலும் தீவன ஆலை வாசலிலும் ஆளுக்கொரு அளவுகோல் போதும்.