பட்டையைக் கழற்றலாமா?

லட்சத்தீவில் உள்ள அகத்தி விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர் நீளம்தான். இரு முனைகளிலும் கடல். கொச்சியிலிருந்து கிளம்பும் ஏ.டி.ஆர். ரக விமானத்தை அதில் பத்திரமாக இறக்குவதற்குத் தனித் திறமை வேண்டும். பெரிய ஜெட் விமானங்கள் அந்தப் பக்கமே வர முடியாது.

இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒரு கேப்டனை எண்ணிப் பாருங்கள். வயது 42. தோளில் நான்கு தங்கப் பட்டைகள். வீட்டுக் கடன் பாதி அடைந்திருக்கிறது. மகள் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. இப்போது சாப்பாட்டு மேஜை மீது ஒரு பெரிய நிறுவனத்தின் வேலைக் கடிதம் கிடக்கிறது. பெரிய விமானம், வெளிநாட்டுப் பயணம், நாளைக்குச் சம்பளம் கூடும் வாய்ப்பு எல்லாம் இருக்கிறது. ஆனால் நான்காவது பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, இடது இருக்கையிலிருந்து வலது இருக்கைக்கு மாற வேண்டும். அதாவது மறுபடியும் துணை விமானி.

மற்ற தொழில்களில் இருப்பவர்களுக்கு இது வினோதமாகத் தோன்றும். வங்கி மேலாளர் வேறு வங்கிக்குப் போனால் மேலாளராகவே போவார். அறுவை சிகிச்சை நிபுணர் ஆஸ்பத்திரி மாறினால் அவரைக் காயத்துக்குக் கட்டுப்போட அனுப்ப மாட்டார்கள். விமானிக்கோ பல்லாயிரம் மணி நேர அனுபவம் கூடவே வரும். பதவி பெரும்பாலும் வராது.

காரணங்கள் இரண்டு. முதலாவது, விமானியின் தகுதி விமானத்தின் ரகத்தோடு பிணைக்கப்பட்டது. ஏ.டி.ஆர். ஓட்டியவர் ஏர்பஸ் ஏ320 ஓட்ட வேண்டுமானால் புதிதாகப் படித்து, சிமுலேட்டரில் பழகி, தேர்வு எழுதி, பிறகு பயிற்றுநரின் பார்வையில் பறக்க வேண்டும். இரண்டாவது, சீனியாரிட்டி பட்டியல். சேர்ந்த தேதிதான் அதில் ஜாதகம். யார் முதலில் கேப்டன், எந்த ஊரில் தங்குவது, நெடுந்தூர விமானம் யாருக்கு என்று பலவற்றையும் அந்த வரிசை எண் தீர்மானிக்கும். ஒரு மாதம் முன்னால் சேர்ந்த 28 வயது இளைஞர் 42 வயதுக்காரருக்கு முன்னால் நிற்பார்.

இந்த எண்ணுக்கு எவ்வளவு வலிமை என்பதை 2012 காட்டியது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-ல் இணைந்திருந்தன. புதிதாக வந்த போயிங் 787 விமானத்துக்கான பயிற்சியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் இடம் கொடுத்ததை எதிர்த்து, பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாட்கள் வேலைக்கு வரவில்லை. சச்சரவு சம்பளத்தை மட்டும் பற்றியதல்ல. வரிசையில் யார் முன்னால் என்பதுதான் அதன் வேர்.

கேப்டன் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். இந்தியாவில் பயணிகள் விமானத்தை 65 வயது வரை ஓட்டலாம். அவருக்கு இன்னும் 23 ஆண்டுகள். வலது இருக்கையில் 5 ஆண்டுகள் போனாலும் ஜெட் கேப்டனாக 18 ஆண்டுகள் கிடைக்கும். இதையே 47 வயதில் செய்தால் மிஞ்சுவது 13. ஆக, யோசிப்பதற்கும் விலை உண்டு. ஆனால் அந்த 5 ஆண்டுகளில் வருமானம் இறங்கினால் வீட்டுக் கடனும் மகளின் படிப்பும் காத்திருக்காது. கணக்கில் வராத இன்னொரு பயம், மருத்துவப் பரிசோதனை. ஒரு வருடம் இதயமோ கண்ணோ ஒத்துழைக்காவிட்டால் எந்த இருக்கையும் இல்லை.

போக முடிவு செய்தாலும் உடனே கிளம்ப முடியாது. 2017-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் போட்ட உத்தரவின்படி, விலக விரும்பும் துணை விமானி 6 மாதமும் கேப்டன் ஒரு வருடமும் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். விமானிகள் சங்கங்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போயின. 2023-ல் 43 விமானிகள் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் விலகியதால் ஆகாசா ஏர் விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. அந்த நிறுவனமும் நீதிமன்றப் படியேறியது. ஒரு வருடத்துக்குள் புதிய முதலாளியின் நிலைமை மாறாது என்பதற்கு யார் உத்தரவாதம்?

ஏனென்றால் 'பெரிய நிறுவனம்' என்ற சொல்லை இந்திய விமானிகள் பலமுறை நம்பியிருக்கிறார்கள். 1990களின் முற்பகுதியில் இந்தியன் ஏர்லைன்ஸிலிருந்து பலர் தனியார் விமானங்களுக்குத் தாவினார்கள். ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோதிலுஃப்ட், சென்னையின் என்.இ.பி.சி. என்று பளபளத்த பெயர்கள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மறைந்தன. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. 25 ஆண்டுகளுக்கு மேல் பறந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று இரவோடு நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறையும் தலை நரைத்த கேப்டன்கள் கையில் பயோடேட்டாவோடு அடுத்த வாசலில் நின்றார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது புதிய வரிசை எண்.

இன்று நிலைமை வேறு என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. 2022 ஜனவரியில் டாடா கைக்குப் போன ஏர் இந்தியா அடுத்த ஆண்டே 470 விமானங்களை வாங்குவதாக அறிவித்தது. சில மாதங்களில் இண்டிகோ 500 என்றது. விமானம் வந்தால் கேப்டன்கள் வேண்டும். வரிசை வேகமாக நகரும். ஆனால் உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஒன்பது பேர் இந்த இரண்டு குழுமங்களில்தான் பறக்கிறார்கள். ஒன்றோடு மனக்கசப்பு வந்தால் தட்டுவதற்கு இன்னும் ஒரே ஒரு பெரிய கதவு.

பெரிய இடத்து வேலை சொகுசு என்று நினைப்பதும் முழு உண்மையல்ல. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் தரையிறங்குவதைக் குறைத்த புதிய விதிகள் 2025 நவம்பரில் முழுமையாக அமலுக்கு வந்தன. அடுத்த மாதமே போதிய விமானிகளை ஏற்பாடு செய்துகொள்ளாத இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விமானி எவ்வளவு ஓய்வுக்கு ஏங்குகிறான் என்பது பயணிகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏ.டி.ஆர். விமானியும் மழை மேகத்தின் நடுவே ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்குகிறார். களைப்பு இரண்டு இடத்திலும் உண்டு; நிறம்தான் வேறு.

இதில் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்த சிறிய விமானத்தோடு உடான் திட்டம் தொடங்கியது. சின்ன ஊர்களின் ஓடுபாதைகளில் தேர்ந்த கேப்டன்கள் ஒவ்வொருவராகப் பெரிய நிறுவனத்துக்குப் போனால், சிறிய நிறுவனங்கள் பயிற்சிப் பள்ளிகளாகவே நின்றுவிடும். அதற்காக ஒரு தனி மனிதரைத் தியாகம் செய்யச் சொல்வதும் நியாயமில்லை. அவரை இருத்திவைக்கும் சம்பளத்தையும் நிம்மதியையும் கொடுப்பது நிறுவனத்தின், அரசின் பொறுப்பு.

மேஜை மீது கடிதம் இன்னும் கிடக்கிறது. மனைவி கேட்டது ஒரே ஒரு கேள்வி: "முப்பது வயசுப் பையன் கேப்டனா உட்கார்ந்து சொல்றதை நீங்க கேட்டுப்பீங்களா?" சம்பளக் கணக்கை விட அது கடினமான கேள்வி. அதற்கு 'ஆமாம்' என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தவர் போகலாம். முடியாதவருக்கு அகத்தியும் கௌரவமான இடம்தான்.

ஓடுபாதையில் விரையும் விமானத்துக்கு ஒரு வேகம் உண்டு. அதைத் தாண்டினால் நிறுத்தக் கூடாது, பறந்தே ஆக வேண்டும். அந்த எண்ணை விமானி ஓடும்போது யோசிப்பதில்லை. கிளம்புவதற்கு முன்பே கணக்கிட்டு எழுதி வைத்துக்கொள்கிறார். எத்தனை வருடம் வலது இருக்கை, எவ்வளவு குறைந்த சம்பளம், எந்த ஊர் வரை சம்மதம் என்று கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் எழுதிக்கொள்ள வேண்டியதும் அது போன்ற எண்களைத்தான்.